இடப்பக்கக் கண்ணாடியின் கீழ் ஓரம்

தினேஷ்,

அம்மாதான் எழுதுகிறேன். பத்து நாளில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இவள் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். வாயால் சொல்ல மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை உன் வாய் நிறைய இட்லி. இரண்டாவது தடவை உன் மாலினி போன் செய்துவிட்டாள். மூன்றாவது தடவை, “தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று சரியாகத்தான் ஆரம்பித்தேன். நீ நிமிர்ந்து பார்த்ததும், “மண்டபத்துல ஏர்கோன் நல்லா இருக்கும்லா?” என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன். இன்று மத்தியானம் நல்ல மழை. கடைக்கு ஒரு காடியும் வரவில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உன்னிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். சின்னப் பொய்தான், நாலைந்து சொற்கள்தான். ஆனால் அது உன் கல்யாணத்தையே ஒரு வருடம் தள்ளிப் போட்டது. அதை இந்தக் கல்யாணத்துக்கு முன்னால் உனக்குச் சொல்லிவிட வேண்டும். எடுத்த எடுப்பில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அம்மாவை உனக்குத் தெரியுமே, கண்ணாடியைக் கழுவித் துடைக்காமல் பிலிமைக் கையில் எடுக்க மாட்டேன். கொஞ்சம் பொறுமையாகப் படி.

கிள்ளானில் காடிக் கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் டின்ட் பிலிம் ஒட்டும் கடைகள் எத்தனையோ இருக்கின்றன. பெண் பிள்ளை ஒட்டும் கடை எது என்று கேட்டால் நம் கடையைத்தான் காட்டுவார்கள். இந்தத் தொழிலுக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. கணக்கு எழுதும் பெண்ணாகத்தான் ஒரு கடையில் சேர்ந்தேன். ஒருநாள் ஒட்டுகிறவர்கள் இரண்டு பேருமே வேலைக்கு வரவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் நாற்காலியை விட்டு எழாமல் முறைத்துக்கொண்டே இருந்தார். பார்த்துப் பார்த்துப் பழகிய வேலைதானே என்று தண்ணீரில் குழந்தை ஷாம்பூ இரண்டு சொட்டு விட்டு, கண்ணாடியில் தெளித்து, பிலிமை விரித்து, ரப்பர் கட்டையால் தள்ளினேன். ஒரு குமிழி இல்லை. அன்றிலிருந்து என் கையை நானே கொஞ்சம் அதிகமாக மெச்ச ஆரம்பித்துவிட்டேன். பிறகு சொந்தக் கடை போட்டும், “அக்கா, போஸ் இல்லையா?” என்று முதலாளியான என்னிடமே கேட்கிறவர்களுக்கு, “போஸ் முன்னாடிதான் நிக்கிறேன், சொல்லுங்க” என்று பதில் சொல்லிச் சொல்லி அந்தத் திமிர் வளர்ந்தது. உனக்கு அது தெரியாததல்ல. நீ ஆறாம் வகுப்பில் புத்தகத்துக்கு அட்டை போட்டபோது ஓரத்தில் சுருக்கம் விழுந்தது என்று முழுவதையும் கிழித்து மறுபடி போட்டவள் நான். நீ அழுதாய். எனக்கு அந்தச் சுருக்கம்தான் கண்ணில் பட்டது, நீ அழுதது படவில்லை.

நீ படித்து முடித்து அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, “நானும் பிலிம்தான்மா செய்யறேன்” என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்க்கடை ஆன்டியிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. அப்புறம்தான் நீ மெதுவாகச் சொன்னாய், உன் பிலிம் சூட்டைத் தடுக்காது, சூட்டைக் கொடுக்கும் என்று. “டேய், இந்த ஊர்ல யாருக்குடா சூடு வேணும்? அதைத் தடுக்கத்தானே உங்கம்மா கடை தொறந்து வச்சிருக்கேன்!” என்று நான் கத்தியது அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். உன் அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். நீ கோபப்படவில்லை. காலைப் பலகாரத்துக்கு வாங்கி வைத்திருந்த இடியாப்பத்தில் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாய். “இங்க பாரும்மா. ஒவ்வொரு இழையும் இன்னொரு இழையைத் தொட்டுக்கிட்டு இருக்கு. அதனால இந்தப் பக்கம் கரண்டு கொடுத்தா அந்தப் பக்கம் போயிரும். இழைக்கு நடுவுல ஓட்டை இருக்கு. அதனால வெளிச்சமும் போகும்” என்றாய். இழை வெள்ளியால் ஆனது என்றாய். ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஆயிரம் கீற்றாகக் கிழித்தால் அதில் ஒரு கீற்று எத்தனை மெல்லியதோ அத்தனை மெல்லியது என்றாய். அதை மை போலக் கரைத்து, தெளிவான பிளாஸ்டிக்கில் தெளித்துக் காயவைத்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கரண்டு கொடுத்தால் மட்டும் சூடாகும். மடக்கலாம், சுருட்டலாம், வளைந்த கண்ணாடியிலும் ஒட்டலாம். சொல்லி முடித்துவிட்டு அந்த இடியாப்பத்தைத் தேங்காய்ப்பூவும் வெல்லமும் தொட்டு நீயே சாப்பிட்டுவிட்டாய். அன்று எனக்கு உன்னை அத்தனை பிடித்தது. இப்படி விளக்கத் தெரிந்த பிள்ளையைப் பெற்றோமே என்றிருந்தது.

அது எதற்கு என்று நான் கேட்டபோது நீ அப்பாவைப் பார்த்தாய். எனக்கு உடனே புரிந்துவிட்டது, அந்த டுரியான் சமாசாரம்தான் என்று. துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டும் மனிதர். மழை வந்தால் ஜன்னலை ஏற்ற வேண்டும், ஏற்றினால் உள்ளே கண்ணாடி முழுக்க ஆவி படியும். லோரியின் ஏர்கோனோ நம் பழைய மின்விசிறிக்குத் தம்பி. வலப்பக்கம் கையெட்டும், துடைத்துக்கொள்வார். இடப்பக்க ஜன்னல் கண்ணாடி அந்தக் கோடியில் இருக்கிறது. அது மங்கிவிட்டால் அதற்கு வெளியே இருக்கும் பக்கக் கண்ணாடியில் பின்னால் வருவது ஒன்றும் தெரியாது. ஒரு துண்டைக் குச்சியில் கட்டி வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டே எட்டித் துடைப்பாரே, நினைவிருக்கிறதா? அப்படித்தான் அன்று பண்டமாரானில் திரும்பும்போது சாலையோரத்து டுரியான் கடையின் கூடைகள் மேல் லோரியை ஏற்றிவிட்டார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டு வாசலில் நின்றபடியே, “ஏம்மா, டுரியான் கூடைய இடிச்சிட்டேன், தப்பு என்னோடதுதான், நசுங்குனதெல்லாம் வாங்கிட்டு வந்துட்டேன்” என்றார். மூன்று நாள் நாம் வேறெதுவும் சாப்பிடவில்லை. அப்பா அதைச் சிரிப்புக் கதையாகத்தான் எல்லாரிடமும் சொல்வார். ஆனால் உன்னிடம் தனியாக ஒன்று சொன்னாராம். “கூடைக்குப் பதிலா மோட்டார் சைக்கிள்ல ஒரு ஆள் இருந்திருந்தா?” என்று. நீ பிலிம் செய்யப் போனது அந்தக் கேள்வியால்தான் என்று பிற்பாடு மாலினி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

உன் முதல் பெரிய பிலிம். மறுநாள் காலை லோரி யார்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், உன் ஆய்வுக்கு அடுத்த கட்டப் பண உதவி கிடைக்குமா கிடைக்காதா என்பது அவர்கள் கையில். லோரியை நம் கடை வாசலில் அப்பா கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பிலிமின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் நீ செப்புப் பட்டை ஒட்டியிருந்தாய், கரண்டு ஏறி இறங்க. “இனிமே இந்தக் கண்ணாடிய எறக்கக் கூடாதுப்பா” என்று நீ சொன்னதற்கு, “பலகாரம் வாங்க வலப்பக்கம் போதும்டா” என்றார் அப்பா. ஒட்டும் வேலை மட்டும் உனக்கு வராது. எப்போதும் குமிழிதான். அதனால் என்னிடம் கொடுத்தாய். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாய். “அம்மா, ஹீட் கன் மட்டும் வேணாம். அந்தச் சூடு தாங்காது. ஈரமா ஒட்டி, ரப்பர்ல மெதுவா தள்ளு.” நான் தலையாட்டினேன். நீ ஏதோ ஒரு சின்னச் சாமான் வாங்கக் கோலாலம்பூருக்குப் போனாய், ஃபெடரல் சாலையில் ஜேமில் மாட்டிக்கொண்டாய்.

நான் ஒட்டினேன். மேலே அழகாகப் படிந்தது. கீழ் ஓரத்தில் அந்தக் கண்ணாடி கொஞ்சம் வளைந்திருக்கிறது. பிலிம் படியாமல் பாவாடை மடிப்பு போல ஓரம் முழுக்கச் சின்னச் சின்னதாக எழுந்து நின்றது. நாங்கள் அதை ஃபிங்கர் என்போம். தொழில் கற்கிறவர்கள் கையில்தான் அது நிற்கும். என் கையில் நின்றதே இல்லை. ரப்பரால் தள்ளினேன், படிந்தது, எழுந்தது. மறுபடி தள்ளினேன், மறுபடி எழுந்தது. பக்கத்துக் கடை அண்ணன் ஒருவர் வந்து, “என்ன அக்கா, ஃபிங்கர் நிக்குது?” என்று சும்மா கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஆணியில் தொங்கிய, சூடான காற்றை ஊதும் அந்த ஹீட் கன்னை எடுத்தேன். லேசாகத்தானே காட்டப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். கீழ் ஓரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஒரு முறை, அப்புறம் இன்னும் ஒரு முறை. பிலிம் சுருங்கி, தண்ணீர் போலப் படிந்து உட்கார்ந்தது. நீ வந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். “உன் கைய மியூசியத்துல வைக்கணும்மா” என்றாய். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நீ சொன்னதை மீறினேன் என்பது அந்தச் சந்தோஷத்தில் கரைந்தே போனது.

மறுநாள் நடந்தது உனக்குத் தெரியும். வந்தவர்கள் குடை பிடித்து நின்றார்கள். மழை கேட்டுக்கொண்டது போல வந்தது. நீ அவசரமாக பேட்டரியில் கம்பியை இணைத்து சுவிட்சைப் போட்டாய். கண்ணாடி மங்கலாகவே இருந்தது. நீ மறுபடி போட்டாய், அணைத்தாய், போட்டாய். வந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே இருந்த அப்பா பாவம், உனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு துண்டு கட்டிய குச்சியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அதைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள், நல்ல மனிதர்கள்தான், கெட்ட சிரிப்பு இல்லை. “இன்னொரு முறை பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீ நனைந்துகொண்டே கம்பியை அவிழ்த்தாய். எனக்கு அப்போதே அந்த ஹீட் கன் நினைவுக்கு வந்தது. ஆனால் நிச்சயமாகத் தெரியாதே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நிச்சயமாகத் தெரிந்த நாள் அதற்கு மூன்று நாள் கழித்து வந்தது. நீ பிலிமை உரித்துக்கொண்டு போய் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு போன் செய்தாய். நான் ஒரு காடியின் பின்கண்ணாடியில் பாதி வேலையில் இருந்தேன்.

“அம்மா, கீழ் ஓரத்துல இழையே இல்ல. எல்லாம் உருகி உருண்டை உருண்டையா, மணி மணியா கெடக்குது. ஒண்ண ஒண்ணு தொடல. அதான் கரண்டு உள்ளயே ஏறல. நீ ஹீட் கன் காட்டுனியா?”

“எனக்கென்ன பைத்தியமா? நீதான் வேணாம்னு சொன்னியே.”

இதுதான் அந்தப் பொய். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. இருபத்தாறு வருடமாக யாரும் என் வேலையைக் குறை சொன்னதில்லை, அந்த வாய்க்கு வேறு பதில் தெரியவில்லை. நீ ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. “அதான் பாத்தேன், நீ அப்படிச் செய்ய மாட்டே. அப்ப சுவிட்சப் போட்டதும் கரண்டேதான் உருக்கியிருக்கு. என் தப்புதான்மா” என்று சொல்லி போனை வைத்தாய். தினேஷ், நீ என்னைத் திட்டியிருந்தால் அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நீ நம்பிவிட்டாய். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ கூடத்தில் உட்கார்ந்து சொன்னதை நான் மறக்கவில்லை. “என் வேலையே நிலையா இல்ல, அதுவரைக்கும் கல்யாணம் வேணாம்” என்றாய். மண்டபத்துக்குச் சொல்லி வைத்திருந்தோம். பிரிக்ஃபீல்ட்ஸில் மாலினியும் நானும் முகூர்த்தப் புடவை எடுத்து வைத்திருந்தோம், அந்த மயில் கழுத்துப் பச்சை. பூச்சோங்கில் அவள் வீட்டுக்கு நாம் மூவரும் போய்ச் சொன்னபோது அவள் அப்பா தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டது உன் மேல். கோபப்பட வேண்டிய ஆள் அவருக்கு எதிரே உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் நீ பட்ட பாடு. வெள்ளி இழைகளுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பூச்சுப் பூசினால் அவை சூட்டில் உருண்டுபோகாமல் பிடித்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தாய். பூச்சு கெட்டியானால் பிலிம் மங்கும், மெலிந்தால் இழை உருகும். மாதக்கணக்கில் அதே வேலை. சாப்பாட்டு மேசைக்கு நீ களைத்துப்போய் வருவாய். நான் உனக்கு இரண்டு கரண்டி அதிகமாக ரசம் ஊற்றுவேன். ரசம் ஊற்றிச் சரிசெய்யப் பார்த்திருக்கிறேன், பைத்தியக்காரி.

ஒருநாள் மாலை நீ புதுப் பிலிமோடு கடைக்குள் ஓடி வந்தாய். “அம்மா, ஒட்டு!” என்றாய். ஒட்டினேன். கீழ் ஓரத்தில் வழக்கம் போல மடிப்பு நின்றது. நான் கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றேன். “என்னம்மா, இப்படியே விட்டுட்டே? ஹீட் கன் காட்டு லா, இப்ப தாங்கும்!” என்றாய். என் கை அந்த ஆணிப்பக்கம் போகவில்லை. கட்டைவிரல் வலிக்கிறது, நீயே காட்டு என்றேன். கட்டைவிரல் வலி உண்மைதான், இப்போதெல்லாம் காலையில் நிமிரவே மாட்டேன் என்கிறது. ஆனால் அன்றைக்கு அது காரணம் இல்லை. நீ கன்னை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல்மாணலாகக் காட்டினாய். படிந்தது.

அந்த மறுநாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அதே யார்டு, அதே ஆட்கள், அதே மழை. நீ சுவிட்சைப் போட்டாய். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் நடுவில் ஒரு தட்டு அளவுக்குத் தெளிவு வந்தது. அது பெரிதாகி, பெரிதாகி, ஓரம்வரை போனது. கண்ணாடி முழுக்கத் துடைத்தது போல ஆகிவிட்டது, யாரும் துடைக்காமலே. உள்ளே இருந்து உன் அப்பா போட்ட சத்தம்! “டேய் தினேஷ்! தெரியுதுடா! பின்னாடி ஒரு மோட்டார் நிக்குது, செவப்பு ஹெல்மெட், அதுகூடத் தெரியுதுடா!” என்று ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். சிவப்பு ஹெல்மெட்காரர் யாரோ தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று பயந்து மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனார். நீ வந்திருந்தவர்களைக்கூட மறந்துவிட்டு ஓடிப்போய் இடப்பக்கக் கண்ணாடியில் கன்னத்தை வைத்தாய். “அம்மா, வா, தொட்டுப் பாரு!” என்றாய். தொட்டேன். ஆறின வடை அளவுக்குச் சூடு. என் பிள்ளை செய்த சூடு. அழுதேன், மழையில் யாருக்கும் தெரியவில்லை.

உன்னை ஒன்று கேட்கிறேன். உதவி கிடைத்தது, வேலை நிலையானது, கல்யாண நாளும் குறித்தாகிவிட்டது. இதோடு விட்டிருக்கலாம் அல்லவா? ஆனால் போன மாதம் நிச்சயச் சாப்பாட்டில், வாழையிலைக்கு முன்னால் எழுந்து நின்று, இரண்டு குடும்பமும் கேட்க நீ சொன்னாய்: “தோத்தது என் பிலிம்தான். எங்கம்மா ஒட்டுனது ஒருநாளும் தோத்ததில்ல.” எல்லாரும் கை தட்டினார்கள். மாலினியின் அப்பா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். கல்யாணத்தன்று மேடையிலும் இதையே பேசப் போகிறாய் என்று மாலினி சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

அவளிடம் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். உனக்கு முன்னால் அவளிடம் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பாழானது அவளுடைய வருடமும்தான். போன வாரம் ரவிக்கை அளவு கொடுக்க வந்தவளைக் கடையில் உட்காரவைத்துச் சொன்னேன். சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. தான் வேலை செய்யும் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டைப் படிக்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரு வருஷம் ஆன்டி. எங்க வீட்டுல தினமும் என்ன பேசுனாங்கன்னு உங்களுக்குத் தெரியாது” என்றாள். நான், மன்னித்துக்கொள் என்றேன். வேறென்ன சொல்ல? அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லணும்” என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, என் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்து, “இதுக்கு ஒரு களிம்பு இருக்கு, நாளைக்குக் கொண்டு வரேன் அத்தை” என்றாள். சொன்னபடி மறுநாள் கொண்டுவந்தாள். கோபத்தையும் மறைக்கவில்லை, களிம்பையும் மறக்கவில்லை. உனக்கு அமைந்த பெண்ணை நினைத்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதிக் காட்ட முடியாது.

நீ நல்ல பிள்ளை. இதைப் படித்ததும், “பரவால்லம்மா, நீ அப்படிச் சொன்னதாலதானே அந்தப் பூச்சையே கண்டுபிடிச்சேன்” என்று சொல்வாய். எனக்கு இப்போதே காதில் கேட்கிறது. அதைச் சொல்லாதே. பூச்சு உன் உழைப்பில் வந்தது. நான் அன்று உண்மையைச் சொல்லியிருந்தாலும், டின்ட் கடைக்காரிகள் ஹீட் கன்னை எடுக்காமல் இருக்க மாட்டார்கள் என்று புரிந்துகொண்டு அதே பூச்சைத்தான் தேடியிருப்பாய். அதோடு உன்மேலேயே பழி போட்டுக்கொண்டு தேடியிருக்க மாட்டாய், மயில் கழுத்துப் புடவையும் ஒரு வருடம் பெட்டியில் கிடந்திருக்காது. என் பொய்க்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

கல்யாணம் ஆகிப் பூச்சோங்குக்குக் குடிபோகிற பிள்ளைக்கு அம்மா புத்திமதி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உன் அப்பாவைப் போல இரு. டுரியானை இடித்தால் வாசலிலேயே சொல்லிவிடு, செருப்பைக்கூடக் கழற்றாதே. அவரோடு இத்தனை வருடம் நான் சிரித்துக்கொண்டே வாழ்ந்ததற்குக் காரணம் அந்தக் குணம்தான். எனக்கு அது வரவில்லை. வேலையில் சுத்தமாக இருப்பவர்களுக்கு இது ஒரு வியாதி, தன் கையில் தப்பு வந்தது என்று சொல்ல வாய் வராது. உனக்கும் என் கை கொஞ்சம் வந்திருக்கிறது. சுவிட்சை மூன்று தடவை போட்டு அணைத்தாயே, அப்போது உன் முகத்தில் என் முகத்தைப் பார்த்தேன். மாலினி ஏதாவது கேட்டால், யார் சரி என்று யோசிப்பதற்கு முன்னால், ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல்லிவிடு. அவள் கோபப்படுவாள். மறுநாள் களிம்பும் கொண்டுவருவாள்.

இப்போது கடைசி விஷயம். அப்பாவுக்கென்று நீ கொடுத்த புதுப் பிலிமை இன்று காலை லோரியில் ஒட்டிவிட்டேன். கல்யாணத்தன்று மண்டபத்துக்கு அந்த லோரியில்தான் போவோம் என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார், மல்லிகைச் சரமும் பலூனும் கட்டி, இடப்பக்கம் என்னை உட்காரவைத்து. மேலே அழகாகப் படிந்திருக்கிறது. கீழ் ஓரத்தில் மடிப்பை அப்படியே விட்டிருக்கிறேன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. பக்கத்துக் கடை அண்ணன் பார்த்துவிட்டு, “என்ன அக்கா, ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். நான் செய்த தப்பு என்று சொன்னேன். சொன்னதும் ஒன்றும் ஆகிவிடவில்லை, அவர் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

பசை காய மூன்று நாள் ஆகும். அதற்குள் சூடு காட்டினால் படிந்துவிடும், விட்டால் அப்படியே நின்றுவிடும். உன் கோபம் ஆற எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது, நீ அவசரப்படவும் வேண்டாம். ஆறாவிட்டால் அந்த மடிப்பு இருக்கட்டும். கிள்ளான் முழுக்கப் பார்க்கட்டும், டின்ட் கடைக்காரி தன் மகன் கல்யாணத்துக்கு ஃபிங்கர் நிற்கிற கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறாள் என்று. சந்தோஷமாகவே உட்கார்ந்து வருவேன், சத்தியமாக. ஆறிவிட்டால் கடைக்கு வா. என்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். லோரி வாசலில் நிற்கிறது, ஹீட் கன் அதே ஆணியில் தொங்குகிறது.

அம்மா